சின்ன விமானம், பெரிய வெயில்

திருநீர்மலைக்கு மே மாதத்தில் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. வெயில் ஏறுவதற்குள் மேலே போய் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு இறங்கிவிட வேண்டும். நேரம் தவறினால் படிக்கட்டுக் கல் காலைச் சுட்டுவிடும். செருப்பில்லாமல் தாவித் தாவி இறங்குகிறவர்களைப் பார்த்தாலே மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது என்று சொல்லிவிடலாம்.

மலை மேல் நின்றால் வடகிழக்கே மீனம்பாக்கத்தில் பெரிய விமானங்கள் இறங்குவது தெரியும். தென்கிழக்கே தாம்பரம் பக்கம் சின்ன விமானங்கள் வட்டமடிக்கும். படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அவங்களுக்கென்னப்பா, மேலே ஜில்லுன்னு இருக்கும்” என்பார்.

பெரிய விமானத்தில் போகிறவர்களுக்கு அது சரிதான். சின்ன விமானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நிலைமை வேறு. சித்திரை வெயிலில் அவர் இருக்கும் இடம், கதவைச் சாத்தி வெயிலில் நிறுத்திய கார் மாதிரிதான் இருக்கும். அதற்குள் உட்கார்ந்துகொண்டு அவர் தப்பில்லாமல் முடிவெடுக்க வேண்டும். அதை அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், தரையில் வெயிலோடு மல்லுக்கட்டும் எல்லோருக்கும் உதவும்.

பல்லாவரத்தில் தொடங்கிய கதை

சென்னையின் தென்புறத்துக்கும் சின்ன விமானத்துக்கும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி’ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில் ஒரு விமானத்தைக் கட்டவைத்தார். அதைப் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் மக்களுக்குப் பறந்து காட்டினார். 1930-ல் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் தொடங்கியது. விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி 1948-ல் அம்பாலாவில் ஆரம்பிக்கப்பட்டு, 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. விமானம் ஓட்டக் கற்றுத்தரப்போகும் ஆசிரியர்கள் இங்கேதான் உருவாகிறார்கள்.

டி’ஏஞ்சலிஸ் காலத்து விமானத்தில் மூடிய அறையே கிடையாது. முகத்தில் காற்று அடிக்கும். பிறகு மழைக்கும் காற்றுக்கும் தடுப்பாகக் கண்ணாடி வந்தது. அதோடு வெப்பமும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

கண்ணாடிக்குள் அடைபட்ட வெயில்

விமானிக்கு நாலாபுறமும் தெரிய வேண்டும். அதனால் காக்பிட் முழுக்கக் கண்ணாடி. வெயில் உள்ளே புகுந்து இருக்கையையும் கருவிப் பலகையையும் சுடவைக்கும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். வெளியே 40 டிகிரி செல்சியஸ் இருந்தால் உள்ளே 50-ஐத் தாண்டுவது சாதாரணம். பெல்ட்டின் உலோகக் கொக்கியைத் தொட்டால் விரல் சுடும்.

மேலே போனால் குளிருமே என்று கேட்கலாம். குளிரும், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 2 டிகிரிதான் குறையும். பயணிகள் விமானம் 35,000 அடியில் பறக்கிறது. பயிற்சி விமானம் பல நேரம் இரண்டாயிரம், மூவாயிரம் அடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே கிடைப்பது நாலைந்து டிகிரி சலுகை. 40 டிகிரி 35 ஆகும், அவ்வளவுதான். கண்ணாடி வழியே விழும் வெயில் அங்கும் குறைவதில்லை.

உண்மையில் பறப்பதைவிடத் தரையில் இருக்கும் நேரம்தான் கடினமானது. விமானத்தைச் சுற்றி வந்து சோதிக்க வேண்டும். இறக்கை மேல் ஏறி எரிபொருள் அளவு பார்க்க வேண்டும். பிறகு உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்சாகச் சரிபார்த்து, அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். செஸ்னா மாதிரியான சின்ன விமானங்கள் பலவற்றில் ஏ.சி. கிடையாது. காற்றுத் துவாரங்கள் மட்டும்தான். விமானம் ஓடினால்தான் அதில் காற்று வரும். ஏ.சி. இருக்கும் விமானத்திலும் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே அது வேலை செய்யும். சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும்போது விமானியின் சட்டை ஏற்கெனவே நனைந்திருக்கும்.

விமானத்துக்கும் வெயில் ஆகாது

சூடான காற்று லேசானது, அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குப் பிடிமானம் குறையும், இன்ஜினுக்கு மூச்சு முட்டும், புரொப்பல்லர் தள்ளும் காற்றும் குறையும். விமானிகள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்தில் 15 டிகிரியை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி உயரத்தைக் கூட்டிக்கொள்வார்கள்.

40 டிகிரி நாளில் 25 டிகிரி அதிகம். 25-ஐ 120-ஆல் பெருக்கினால் 3,000 அடி வரும். கிட்டத்தட்ட பெங்களூருவின் உயரம் அது. கடல் மட்டத்தை ஒட்டி இருக்கும் தாம்பரத்தில் நின்றாலும், அந்த வெயிலில் விமானம் பெங்களூருவில் நிற்பதுபோலத்தான் நடந்துகொள்ளும். தரையில் அதிக தூரம் ஓடும், மெதுவாக ஏறும். காலையில் லகுவாகக் கிளம்பிய அதே விமானம், மதியம் முனகிக்கொண்டே கிளம்பும்.

இன்னொரு தொல்லை குலுக்கல். தார்ச்சாலை, கான்கிரீட் கூரை, பாறை எல்லாம் சூடானதும் அவற்றின் மேலிருக்கும் காற்று குபுகுபுவென்று எழும்பும். பக்கத்திலேயே ஏரியோ மரக்கூட்டமோ இருந்தால் அங்கே காற்று கீழிறங்கும். திருநீர்மலைக்கு மேல் சிறகடிக்காமலே வட்டமிட்டு ஏறுகிற பருந்துகளைப் பார்த்திருப்பீர்கள். பருந்துக்கு லிஃப்ட்டாக இருக்கும் அந்தக் காற்று, சின்ன விமானத்துக்கு மேடு பள்ளமான மண் சாலை. வெக்கை, குலுக்கல், எரிபொருள் வாசனை மூன்றும் சேர்ந்தால், புதிதாகக் கற்றுக்கொள்ள வந்தவருக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

சென்னைக்குக் கடற்காற்று என்று ஒரு வரம் உண்டு. மே மாதத்தில் அது பெரும்பாலும் மதியவாக்கில் உள்ளே நுழையும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் தாமதமாகும். அன்றைக்குத்தான் வெயில் கொளுத்தும். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான 2003 மே 31-ஐ இன்னும் மறக்காதவர்கள் இருக்கிறார்கள். கடற்காற்று வரும்போது காற்றின் திசையே புரண்டுவிடும். ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து கிளம்புவது என்பதுகூட மாறும்.

அதனால்தான் கோடையில் பயிற்சிப் பறத்தலுக்கு விடியற்காலையே உகந்த நேரம். காற்று அடர்த்தியாக இருக்கும், குலுக்கல் இருக்காது, உடம்பும் தெம்பாக இருக்கும். மலையேறுகிறவர் போடும் அதே கணக்குதான்.

வியர்வையைவிட ஆபத்தானது மறதி

வெயில் உடம்பை என்ன செய்யும் என்று கேட்டால் வியர்க்கும், களைப்பாகும், மயக்கம் வரும் என்போம். விமான மருத்துவர்கள் பயப்படுவது அதற்கு முந்தைய கட்டத்தைப் பார்த்து. அந்தக் கட்டத்தில் விமானிக்குத் தான் நன்றாகத்தான் இருக்கிறோம் என்றே தோன்றும். ஆனால் ரேடியோவில் சொன்ன எண்ணைத் திரும்பக் கேட்பார். பட்டியலில் ஒரு வரியைத் தாண்டிவிடுவார். ஒரு சின்ன விஷயத்துக்கு எரிச்சல்படுவார். சாலையில் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. தரையிறங்கும் நேரத்தில் ஒரு சின்னத் தவறை அடுத்த தவறு வந்து பிடித்துக்கொண்டால், திருத்த நேரம் இருக்காது.

உடல் எடையில் 2 சதவீத அளவுக்கு நீர் குறைந்தாலே கவனம் மங்கத் தொடங்குகிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 1.2 லிட்டர். கடும் வெக்கையில் ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டர் வியர்வை போய்விடலாம். பெரும்பாலும் இந்த அளவு குறைந்த பிறகுதான் தாகமே எடுக்கும். தாகம் எடுக்கும்போது உடம்பு ஏற்கெனவே கடனில் இருக்கிறது.

சென்னையில் இது இன்னும் சிக்கல். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாமல் வழிந்து வீணாகும். அதனால்தான் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்கிறார்கள். 1970-களின் இறுதியில் அமெரிக்க விமானப்படைக்காக ஓர் அட்டவணை தயாரானது. வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்து, எச்சரிக்கை, ஆபத்து என்று அது பிரித்துச் சொல்லும். பறப்பதற்கு முன் வெயிலில் எவ்வளவு நேரம் இருக்கலாம், இரண்டு பறத்தலுக்கு நடுவே எவ்வளவு ஓய்வு வேண்டும் என்பதற்கெல்லாம் அதில் வரம்பு உண்டு. வீரம், மனவலிமை என்று எவரையும் வெயிலில் நிறுத்திவைக்காமல், கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுக்கிற முறை இது. இந்தியாவிலும் 1957-ல் தொடங்கிய பெங்களூரு விமான மருத்துவ நிலையம் வெப்ப அழுத்தம் பற்றிய ஆய்வுகளைச் செய்துவருகிறது.

சாகசப் பறத்தல் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. விமானம் சுழன்று திரும்பும்போது உடம்பின் எடை பல மடங்காகி, ரத்தம் தலையிலிருந்து கால் பக்கம் இறங்கப் பார்க்கும். உடம்பில் நீர் குறைந்திருந்தால் அதைத் தாங்கும் சக்தியும் குறையும். வழக்கமாகச் செய்கிற ஒரு திருப்பத்திலேயே கண் இருட்டிக்கொண்டு வரலாம்.

எல்லோரும் பேசத் தயங்கும் விஷயம்

இவ்வளவு தெரிந்தும் விமானிகள் சிலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் கிளம்புவார்கள். காரணம் ரொம்ப எளிமையானது. சின்ன விமானத்தில் கழிப்பறை கிடையாது.

அமெரிக்க விமானப்படையில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். போர்த் தந்திரம்போலத் திட்டமிட்டு உடம்பைக் காயப்போடுவது என்று அதற்கு அர்த்தம். இதில் அதிகம் அவதிப்படுவது பெண் விமானிகள். போர் விமான ஏற்பாடுகள் எல்லாம் ஆண்களை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. பெண்களுக்கு ஏற்ற கருவியை உருவாக்கும் முயற்சி அண்மைக் காலத்தில்தான் வேகம் பிடித்திருக்கிறது. மொத்த விமானிகளில் பெண்களின் பங்கு இந்தியாவில் உலக சராசரியைவிட அதிகம். நம் விமானப்படையின் முதல் மூன்று பெண் போர் விமானிகள் 2016-ல் பணியில் சேர்ந்தார்கள். ஆகவே இது வெளிநாட்டுக் கதை இல்லை.

இதைப் படிக்கும் பெண்களுக்கு இது புதிதாகவும் இருக்காது. வெளியூர் பஸ்ஸில் ஏறுவதற்கு முன் வேண்டாம் என்று தண்ணீரைத் தள்ளிவைக்கும் அம்மா, பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து பாட்டிலை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் மகள், பந்தோபஸ்துக்கு நாள் முழுக்க நிற்கும் பெண் போலீஸ், கடையில் உட்காரவும் முடியாமல் நிற்கும் விற்பனைப் பெண் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் செய்வதற்குப் பெயர் வைக்க எவரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

இதற்குத் தண்ணீரைக் குறைப்பது தீர்வாகாது என்பதே விமானத் துறையின் பாடம். முதல் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவர வேண்டும். கிளம்பும் முன் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். நேரத்தைச் சிறிதாக வைத்துக்கொள்ள வேண்டும். சிறுநீரைக் கட்டியாக்கும் ஜெல் பைகள் ஆண், பெண் இருவருக்கும் ஏற்ற வடிவில் கடைகளில் கிடைக்கின்றன. நீண்ட தூரம் பறக்கும் தனியார் விமானிகள் கூச்சப்படாமல் அதைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

விமானியின் பையில் என்ன இருக்கும்?

தண்ணீர் பாட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பின் இருக்கையில் இருந்தால் இல்லாத மாதிரிதான். மடக்கு மடக்காக, தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டும். நிறைய வியர்த்தால் உப்பும் போகிறது. அதற்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் அல்லது உப்புப் போட்ட நீர்மோர் போதும். முந்தின இரவு மது கூடவே கூடாது.

துணி பருத்தியாக, வெளிர் நிறமாக, முழுக்கையாக இருப்பது நல்லது. கையைத் திறந்து விட்டால் குளிரும் என்று தோன்றும். ஆனால் கண்ணாடி வழியே விழும் வெயில் நேராகத் தோலைச் சுடும். விமானப்படையினர் வெயிலிலும் முழு உடையும் கையுறையும் போடுவது தீயிலிருந்து காப்பதற்காக. நைலான் போன்ற செயற்கைத் துணி தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்ப்பார்கள்.

நிறுத்தும்போது கண்ணாடிக்கு உள்ளே வெயில் தடுப்பு அட்டை வைப்பார்கள். கிளம்பும் முன் கதவுகளைத் திறந்து சூட்டை வெளியேற்றுவார்கள். செஸ்னாவில் தரையில் மெல்ல ஓடும்போது ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளலாம். கழுத்தைச் சுற்றி ஓர் ஈரத் துண்டு போட்டால் ஏ.சி. இல்லாத குறையில் பாதி தீரும்.

கறுப்புக் கண்ணாடி கட்டாயம். ஆனால் போலரைஸ்டு கண்ணாடியைத் தவிர்ப்பார்கள். அதைப் போட்டால் சில டிஜிட்டல் திரைகள் இருண்டுபோய்த் தெரியும்.

இன்னொன்று இந்தக் காலத்துத் தலைவலி. வரைபடத்தை டேப்லெட்டில் வைத்துப் பறப்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஐபேடை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தும்படிதான் அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். கண்ணாடி ஓரம் வெயிலில் மாட்டிவைத்தால், “சூடாகிவிட்டேன்” என்று சொல்லித் தானே அணைந்துவிடும். அதனால் காகித வரைபடம் ஒன்றையும் எடுத்துவைப்பார்கள். கைபேசியில் வழி பார்த்துக்கொண்டு மே மாத மதியத்தில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வழக்கம்: “இன்னிக்கு வேணாம்” என்று சொல்வது. தலை வலிக்கிறது, சரியாகத் தூங்கவில்லை, வயிறு சரியில்லை என்றால் மதிய வெயிலில் கிளம்பாமல் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போடுவார்கள். அதைக் கோழைத்தனம் என்று எந்த நல்ல பயிற்றுநரும் சொல்லமாட்டார்.

மெரினா சொன்ன பாடம்

2024 அக்டோபர் 6. விமானப்படையின் 92-வது ஆண்டு விழாவையொட்டி மெரினாவில் சாகச நிகழ்ச்சி. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் கிளம்பிப் போனார்கள். நிகழ்ச்சி நடந்தது காலை 11 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை. நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்று பலர் அதற்கு வெகுநேரம் முன்பே மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். நிழல் இல்லை. கூட்டத்தில் நகர முடியவில்லை. முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பியதில் சாலையும் ரயில் நிலையங்களும் திணறின.

அன்றைக்கு வானத்தில் பறந்தவர்கள் எல்லோரும் பத்திரமாகத் தரையிறங்கினார்கள். அண்ணாந்து பார்த்தவர்களில் 5 பேர் இறந்துபோனார்கள். இன்னும் பலர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனார்கள். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 8-ல் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் ஆண்டு விழா அணிவகுப்பு நடந்தபோது, சில வீடுகளில் அழுகை ஓய்ந்திருக்கவில்லை.

மேலே இருந்தவருக்கு எவ்வளவு நேரம் வெயிலில் இருப்போம், எப்போது குடிப்போம், எப்போது இறங்குவோம் என்ற திட்டம் இருந்தது. கீழே இருந்தவருக்குக் கிளம்பும் நேரம் மட்டும் தெரிந்திருந்தது. திரும்பும் நேரம் தெரியாது.

வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியவை

திருவிழா, அரசியல் கூட்டம், கிரிக்கெட், கல்யாணம் என்று எதற்குக் கிளம்பினாலும் விமானி மாதிரி மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம். எத்தனை மணி நேரம் வெயிலில் இருக்கப்போகிறோம்? தண்ணீரும் கழிப்பறையும் எங்கே? கூட்டத்திலிருந்து வெளியே வர வழி எது? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப்போக வேண்டாம்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணி நேரத்தில் சூடு 15 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். “ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்” என்று குழந்தையை உள்ளே விட்டுவிட்டுப் போகக்கூடாது.

கூட வந்தவர் திடீரென்று எரிச்சல்படுகிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார், உளறுகிறார் என்றால், கோபித்துக்கொள்ளாமல் முதலில் நிழலுக்கு அழைத்துப்போங்கள். சட்டையைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவோடு இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

2019-ல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே ஒரு மணி அடிக்கத் தொடங்கினார்கள். பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. பிள்ளைகளுக்குத் தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் மணி அடித்துக் குடிக்கவைப்பது, விமானிக்குச் சொல்லித்தரும் அதே பாடம்தான். அந்த மணியோடு சேர்த்துப் பள்ளிக் கழிப்பறையும் சுத்தமாக இருந்தால்தான் பாட்டில் காலியாகி வீட்டுக்கு வரும்.

திருமங்கையாழ்வார் வந்தபோது திருநீர்மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். நீர் வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்று தலபுராணம் சொல்கிறது. இன்றைக்கு அதே மலைக்கு மே மாதத்தில் போகிறவர், அடிவாரத்திலேயே ஒரு பாட்டில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு படியேறுவது நல்லது. அதை இறங்கி வரும்வரை திறக்காமல் வைத்திருக்கவும் வேண்டாம்.